மேடை நம்ம பேட்டைக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அம்மா அவர்களே, எதிரணி நண்பர்களே, தண்டையார்பேட்டைத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

‘நகரத்து இசைத் திருவிழா நடக்க வேண்டிய இடம் ஒரே பெரிய மைதானமா, பேட்டைதோறுமா?’ என்பது தலைப்பு. பேட்டைதோறும்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். பெரிய மைதானத்தில்தான் சவுண்ட் நன்றாக இருக்கும். ஒரே ராத்திரியில் நாலு பேண்டைப் பார்க்கலாம். டிக்கெட் போட்டால்தான் கலைஞர்களுக்குக் காசு சேரும்.

அந்த நாலு பேண்டு கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நான் போயிருக்கிறேன்.

போன வருடம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இசைத் திருவிழாவுக்குப் போனேன். காசிமேட்டிலிருந்து பஸ் மாறி மாறி, போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம். எங்களுக்குக் கட்டுப்படியான டிக்கெட்டுக்குக் கடைசித் தடுப்புக்குப் பின்னால்தான் இடம். குறை சொல்ல மாட்டேன், பாடியவர்கள் அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். பேஸ் கிடார் அதிர்ந்தபோது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ தட்டியது. ஆனால் அந்தப் பெண் ஒன்றைக் கவனித்தாள். “சித்தி, டிரம்ஸ்ல குச்சி முதல்ல இறங்குது, சத்தம் அப்புறம்தான் வருது” என்றாள். உண்மைதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் அடி விழுவதைப் பார்த்து ஏறக்குறைய 0.3 நொடி கழித்துத்தான் காதில் கேட்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்தாலும் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. எதிரணித் தலைவர் சொன்ன நல்ல சவுண்ட் முன்வரிசைக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும். எங்கள் பக்கம் வரவில்லை.

அவள் காத்திருந்தது நாலாவது பேண்டுக்காக. அவர்கள் மேடையேறும்போது மணி ஒன்பதேகால். ஒன்பதரைக்குக் கிளம்பினால்தான் எங்களுக்கு பஸ். இரண்டு பாட்டு கேட்டோம், வெளியே வந்துவிட்டோம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது பாட்டு வந்தது. அவள் சாலையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றாள். “இந்தப் பாட்டுக்குத்தான் சித்தி வந்தேன்.” நடுவர் அம்மா, நாலு பேண்டைப் பார்க்கலாம் என்கிறார்களே, கடைசி பேண்டை வீடு பக்கத்தில் இருப்பவர்கள்தான் முழுசாகப் பார்க்கிறார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு எப்போதும் சுவருக்கு வெளியேதானா?

அதே பெண்ணை 2023 பொங்கலுக்கு ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். 2007-ல் தொடங்கி, இடையில் நின்றுபோய், அந்த வருடம் மறுபடி வந்த ‘சென்னை சங்கமம்’ கலைத் திருவிழா அது. பறை அடிக்கும் அண்ணன்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். புகை எங்கள் முகத்தில் அடித்தது, அவ்வளவு பக்கம். அடி விழுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில். ஆட்டம் முடிந்ததும் ஓர் அண்ணன் அவள் கையில் பறை அடிக்கும் சிண்டுக்குச்சியைக் கொடுத்து, “அடிம்மா” என்றார். அடித்தாள். அப்புறம் ஆளுக்கொரு தட்டு அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் கேட்டிலும் கம்பத்திலும் தட்டிக்கொண்டே வந்தாள்.

பூங்காவில் கூட்டம் நிற்காது, மழை வந்தால் கலைந்துவிடும் என்று எதிரணியில் ஒரு தம்பி சொன்னார். தம்பி, 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது அதே ராபின்சன் பூங்காவில்தான்!

இந்தப் பக்கத்துக்கு இசை புதுசும் இல்லை. தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். சங்கீதம் தெரிந்தவர்கள் தேடி வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். அப்புறம் சபாக்கள் தெற்கே பெருகின, மார்கழியும் தெற்கே போனது. இங்கே இருந்த கானாவைச் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது அதே கானா கிடாரோடும் ராப்போடும் தோளோடு தோள் நின்றது. பாடியவர்களில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். யுனெஸ்கோ 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்ததே, அந்தச் சென்னைக்குள் நாமும்தானே இருக்கிறோம்?

காசு விஷயம். இதில் எதிரணியின் கவலை நியாயமானது. கலைஞர்களைச் சும்மா பாடச் சொல்லக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கேட்பவர் டிக்கெட் வாங்கினால்தான் பாடுபவருக்குச் சம்பளம் என்பது எந்தக் கணக்கு? சங்கமத்தை அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது, பார்க்க வருபவர்களிடம் காசு கேட்பதில்லை. நம்ம தெருவில் ஆடித் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழுவை எப்படி அழைக்கிறோம்? வீட்டுக்கு வீடு வசூல் செய்து, பேசிய தொகையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். நகரத் திருவிழாவும் அப்படி நடக்கட்டும். ஒரு பெரிய மேடைக்கும் விளக்குக்கும் ஆகிற செலவைப் பத்துப் பேட்டைக்குப் பிரிக்கட்டும். பேண்டுகள் ஒரு நாள் வியாசர்பாடி, ஒரு நாள் கொருக்குப்பேட்டை, ஒரு நாள் எண்ணூர் என்று சுற்றி வரட்டும். ஒரே கலைஞருக்கு நாலு ராத்திரி வேலை கிடைக்கும்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் அம்மா, அந்த அக்கா மகள் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது ஒன்பதரை ஆகிவிட்டது. அவளும் எழுந்திருக்கவில்லை, இந்தத் தெருவில் யாரும் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள். வணக்கம்.