நகர மறுக்கும் கார்பன் மோனாக்சைடு

நேயர்களுக்கு வணக்கம்.

மெத்தனால் என்றாலே நம் ஊரில் கள்ளச்சாராயச் சாவுகள்தான் நினைவுக்கு வரும். தப்பில்லை. கண்ணைப் பறிக்கிற, உயிரை எடுக்கிற விஷம்தான் அது. அதே மெத்தனாலைத் தீ மூட்டாமலே நேராக மின்சாரமாக்கலாம். அந்தக் கருவிதான் எரிபொருள் மின்கலம். ஒரு மெத்தனால் மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்து முழுதாக உடைந்தால் ஆறு எலக்ட்ரான்கள் கிடைக்கும். கணக்குப்படி 1.2 வோல்ட் வர வேண்டும். கைக்கு வருவது பாதிகூட இல்லை.

கலத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் சவ்வைத் தாண்டி மெத்தனால் மறுபக்கம் கசிவது ஒரு காரணம். நான் பேச வந்தது இன்னொன்றைப் பற்றி. கலத்துக்குள் வினையைத் தூண்டும் உலோகம் பிளாட்டினம்; மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றுவதில் அது கெட்டிக்காரன். கழற்றிய பிறகு மிஞ்சும் கார்பன் மோனாக்சைடுதான் தொல்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்குபவரின் ரத்தத்திலும் இதே வாயுதான் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்த அந்த வாயுவைக் கிளப்ப ஓர் ஆக்சிஜன் அணு வேண்டும், அது தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். பிளாட்டினம் தண்ணீரை உடைக்க அதிக மின்னழுத்தம் கேட்கும். ருத்தேனியம் என்ற இன்னொரு உலோகத்துக்குக் குறைவே போதும். பக்கத்தில் ருத்தேனியம் இருந்தால் அது ஆக்சிஜனை நீட்டும், வாயு கார்பன் டை ஆக்சைடாகிக் கிளம்பிவிடும். 1975-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வாத்தனாபே, மோட்டூ இருவரும் தந்த விளக்கம் இது.

சரி, பிளாட்டினத்தோடு எவ்வளவு ருத்தேனியம் கலப்பது? அறை வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கு போதும். 60 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு நல்லது, ஏனென்றால் அந்தச் சூட்டில் ருத்தேனியமும் மெத்தனாலைப் பிடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இப்படி விகிதம் தேடுவதற்குத்தான் மென்படலம், அதாவது மிக மெல்லிய உலோகப் பூச்சு, கைகொடுக்கிறது. வெற்றிடக் கலனுக்குள் கொஞ்சம் ஆர்கான் விட்டு மின்னழுத்தம் கொடுத்தால் ஊதா நிறத்தில் ஒளிரும். ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டில் மோத, அணுக்கள் தெறித்துக் கண்ணாடியில் படியும். ஒருபுறம் பிளாட்டினம், மறுபுறம் ருத்தேனியம் வைத்தால், ஒரே கண்ணாடியில் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை விகிதம் மாறிக்கொண்டே போகும். வெட்டி வெட்டிச் சோதிக்கலாம். செலவும் குறைவு: 10 நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 21 மைக்ரோகிராம் பிளாட்டினம்தான் ஆகும்.

மாணவனாக இருந்தபோது அப்படி ஒரு படலத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டேன். அன்றைக்கு மின்னோட்டம் படுத்துவிட்டது. இரண்டு நாள் கலப்புலோகத்தைத் திட்டிய பிறகுதான் புரிந்தது: தண்ணீரிலிருந்த குளோரைடு பிளாட்டினத்தில் ஒட்டியிருக்கிறது.

ஆனால் மென்படலம் நாளைக்கே சந்தைக்கு வந்துவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தட்டையான படலத்தில் வினை நடக்கிற பரப்பு குறைவு. கரித்தூளில் ஏற்றிய நுண்ணிய உலோகத் துகள்களோடு போட்டி போட முடியாது. மெத்தனால் கலத்துக்கே சந்தை எளிதாக இருந்ததில்லை. 2009-இல் தோஷிபா, மெத்தனால் ஊற்றிச் செல்பேசிக்கு மின்னேற்றும் டைனாரியோ என்ற கருவியை ஜப்பானில் விற்றது. வெறும் 3,000 கருவிகள், அதோடு சரி.

அப்புறம், ருத்தேனியம் கரையவும் செய்கிறது. நெடுநாள் ஓடிய கலத்தைப் பிரித்துப் பார்த்தால், மெத்தனால் பக்கத்து மின்வாயில் (மின்சாரம் எடுக்கும் முனையில்) வைத்த ருத்தேனியத்தில் கொஞ்சம் சவ்வைக் கடந்து மறுபக்க மின்வாயில் போய் ஒட்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.