அரிசிப் பைக்கு முன்னால் பாஸ்புக்

நண்பர்களே, சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று இறந்துபோன வீட்டுக்கு நாம் முதலில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? அரிசிப் பையை. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிற தமிழ்நாட்டில்! கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், சோப்பு, நாப்கின் வாங்கிக் கொடுங்கள். அதற்கு அரைமணி நேரம் போதும். நம் உண்மையான வேலை காகிதத்தில் இருக்கிறது.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருக்கும். ஆனால் தாமதத்தைவிடப் பெரிய தொல்லை பெயர். ஆதாரில் ‘க. முருகன்’, வங்கியில் ‘முருகன் கந்தசாமி’. ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது பதற்றத்தில் யாரோ சொன்னது வெறும் ‘முருகேசன்’. அந்த ஒரு சொல் சான்றிதழில் ஏறிவிட்டால், பின்னால் வருகிற ஒவ்வொரு மேசையிலும் மனு திரும்பும். ஆகவே படிவம் எழுதும் இடத்துக்கே ஆதார் நகலோடு ஒருவர் போய் நில்லுங்கள். இழவு வீட்டில் அதைச் செய்யும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், வட்டாட்சியர் வழங்குவார். இங்கே வழக்கமாக விடுபடுகிறவர்கள் இரண்டு பேர்: இறந்தவரின் தாய், மணமாகிப் போன மகள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இருவருமே முதல் வகுப்பு வாரிசுகள். “கிழவிக்கு எதற்கு?” என்று பெயரை விட்டுவிட்டு, ஆட்சேபணை வந்த பிறகு கையைப் பிசைவதில் பயனில்லை.

இப்போது பாஸ்புக்குக்கு வாருங்கள். பதிவு போட்டு, மே கடைசி, ஜூன் முதல் வரிகளை விரலை வைத்துப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் என்றால் பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீடாக இருக்கலாம், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அதற்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். “உடம்பை அறுக்க வேண்டாம்” என்று உறவினர்கள் மன்றாடும் நேரத்தில் இதைச் சொல்வது கடினம்தான், ஆனாலும் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். பணம் பிடித்த விஷயம் மனைவிக்குத் தெரியாமலே இருக்கும். வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். கிளையில் எழுதிக் கேளுங்கள். இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்க யாரையும் விடாதீர்கள்.

சிம் கார்டை மறந்துவிடுகிறோம். பல வீடுகளில் மனைவியின் ஆதாரும் வங்கிக் கணக்கும் கணவர் எண்ணில்தான் இணைந்திருக்கும். ரீசார்ஜ் நின்றால் ஓடிபி வராது. ஆதார் மையத்தில் அந்த அம்மாவின் எண்ணை மாற்றும் வரை பழைய சிம்முக்கு உயிர் இருக்கட்டும்.

ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். பிள்ளைகள் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ‘மிஷன் வாத்சல்யா’ என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் நிதி ஆதரவுக்கு மனு போடுங்கள், பிள்ளைக்கு மாதம் 4,000. ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. தகுதியை அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். “கண்டிப்பாகக் கிடைக்கும்” என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அசல் ஆவணம் எதையும் வாங்கி வராதீர்கள். அங்கேயே படம் எடுத்து நகல் போடுங்கள். நாம் உதவி கொடுப்பதைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். மனு எண்ணை நம் நோட்டில் மட்டும் எழுதினால் போதாது, அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் தேதியோடு எழுதுங்கள். நாளை நாம் வேறு ஊருக்கு மாறிப் போனாலும் அவர்களே தாலுகா அலுவலகத்தில் கேட்க முடியும்.