உக்கினதும் உக்காததும்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் மண்ணைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நேரே விசயத்துக்கு வருகிறேன். குப்பை, எரு, கூட்டெரு, உக்கல் எல்லாவற்றையும் நாங்கள் பசளை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் கஷ்டப்படுவது செடிதான். வைக்கோலை எடுங்கள். அதில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 80 பங்கு காபன் இருக்கிறது. அவ்வளவு காபனையும் தின்று தீர்க்க நுண்ணங்கிகளுக்கு வைக்கோலில் உள்ள நைதரசன் போதாது. மிச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற கத்தரிக்கன்று மஞ்சளாகும். தும்புத்தூளில் காபன் இன்னும் கூட. நன்றாக உக்கி முடிந்த பொருளில், அதாவது உக்கலில், இந்த அளவு 10, 12க்கு இறங்கிவிடும். அந்த நிலையில் அது செடிக்கு நைதரசனைக் கொடுக்கும்.

இந்தக் குழப்பம் வீட்டுத்தோட்டத்தோடு நிற்கவில்லை. 2021இல் இலங்கை அரசாங்கத்தில் இருந்தவர்கள் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். சேதனப் பசளை நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வருடக்கணக்கில் மண்ணில் சேர வேண்டியதை ஒரே போகத்தில் எதிர்பார்த்தது விவசாயிக்குச் செய்த அநியாயம்.

சரி, உக்கல் என்றால் என்ன? காரக் கரைசலில் மண்ணைக் கரைத்து எடுத்த கறுப்புப் பொருளை நிலைத்து நிற்கும் பெரிய மூலக்கூறுகள் என்றே நெடுங்காலம் படிப்பித்தார்கள். 2015இல் யொஹான்னஸ் லேமன், மார்கஸ் கிளெபர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மறுத்து எழுதினார்கள். மண்ணில் இருப்பவை சிதைந்துகொண்டே போகும் துண்டுகள். களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்வதாலும் மண்கட்டிகளுக்குள் அகப்படுவதாலுமே அவை தங்குகின்றன என்பது அவர்கள் வாதம். எனக்கு இது சரியாகவே படுகிறது.

கொழும்புக்கு இது மிகவும் பொருந்தும். எங்கள் கரையோர மணலில் களி குறைவு, ஒட்டிக்கொள்ள இடமில்லை. வருடம் முழுக்கச் சூடும் ஈரமும் இருப்பதால் போட்டது விரைவாகக் கரைந்துபோகும். ஆகவே ஒருதரம் நிறையப் போடுவதை விட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுங்கள். மேலே காய்ந்த இலையால் மூடிவிடுங்கள். போடுவதற்கு முன் கூட்டெருக் குவியலைக் கிளறிப் பாருங்கள்: உள்ளே இன்னும் சூடாக இருந்தாலோ, போட்ட இலையை இன்ன இலை என்று அடையாளம் காண முடிந்தாலோ, அது இன்னும் குப்பைதான். கன்றின் அடியில் போடாமல் மூடி வையுங்கள்.