புயலை மன்னிக்க முடியாது: குமரிக் கரையில் ஒரு நாவல் எழுதுறவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஒக்கி புயலுக்கு அப்புறமோ சுனாமிக்கு அப்புறமோ நம்ம குமரி மாவட்டத்துல ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எப்படி உடைஞ்சு, எப்படி ஒண்ணு சேருதுன்னு நாவல் எழுத உட்கார்ந்திருக்கீங்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க.

முதல் சிக்கலை இப்பவே சொல்லிடுறேன். புயலை யாரும் மன்னிக்க முடியாது. 2017 நவம்பர் 30 அன்னைக்கு அடிச்ச காத்துக்கு முகம் கிடையாது. மன்னிப்புன்னா எதிர்ல ஒரு ஆள் நிக்கணும், அந்த ஆள் செஞ்ச ஒரு காரியம் இருக்கணும். அது இல்லாம எழுதுனா முந்நூறு பக்கமும் அழுகையாத்தான் இருக்கும், கதை நகராது. அதனால புயலுக்குள்ள ஒரு மனுஷத் தப்பை வைங்க. அந்தத் தப்போட அளவுதான் முக்கியம். கொலை அளவுக்குப் போனா அது போலீஸ் கதை ஆயிடும். வெறும் கைமறதின்னா, அம்மாவே மறுநாள் மன்னிச்சிடுவா.

ஒரு உதாரணத்தைக் கட்டிப் பார்ப்போம். அண்ணன் விசைப்படகுக்காரன், தம்பி அதே படகுல தொழிலாளி. கடல் தண்ணியை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கிற பம்புல ரப்பர் விசிறி தேய்ஞ்சு போச்சு. அண்ணனுக்கு அது தெரியும். சீசன் போயிடக் கூடாதுன்னு மாத்தாம, பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்கு அனுப்பிட்டான். ஆழ்கடல்ல தண்ணி ஏறாம இன்ஜின் சூடாகி நின்னா, படகோட முகத்தை அலைக்கு நேரா வைக்க முடியாது. படகு குறுக்கால திரும்பும், பக்கவாட்டுல அலை அடிக்கும், கவிழும். தம்பி திரும்பி வர மாட்டான். இப்ப உங்க கையில அளவான தப்பு இருக்கு. இன்ஜின் ஓடியிருந்தாலும் அந்தக் காத்துல படகு தப்பிச்சிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம்தான் நாவலை இழுத்துட்டுப் போகும்.

இங்க நிறையப் பேர் விடுற தப்பு ஒண்ணு, ரேடியோவுல எச்சரிக்கை வந்தும் கேக்காம கடலுக்குப் போனான்னு எழுதுறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுங்க பல நாள் தங்கல் போறவை. எச்சரிக்கை வந்தப்ப அவங்க ஏற்கனவே பல நாள் ஓட்டத்துல இருந்தாங்க. கரையில இருந்து பேசுற வி.எச்.எஃப் வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கு எட்டாது. செத்தவங்க மேல இல்லாத பழியைப் போடாதீங்க. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், அந்தக் குடும்பங்க இன்னும் இங்கதான் இருக்கு, உங்க புத்தகத்தையும் வாசிப்பாங்க.

அடுத்தது சபை. குடும்பம் கத்தோலிக்கமா, சி.எஸ்.ஐ.ன்னு சொல்ற தென்னிந்தியத் திருச்சபையா (புராட்டஸ்டன்ட்), சால்வேஷன் ஆர்மின்னு சொல்ற ரட்சணிய சேனையா, முதல் வரி எழுதுறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடுங்க. வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையும் அதைப் பொறுத்து மாறும். கத்தோலிக்க வீட்டுல பூசை, பங்குத்தந்தை, ஆண்டவர். சி.எஸ்.ஐ. வீட்டுல ஆராதனை, போதகர், கர்த்தர். சி.எஸ்.ஐ. வீட்டுல இறந்தவன் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்குறதா எழுதுனா, நம்ம ஊர்க்காரங்க அந்த இடத்துலயே புத்தகத்தை மூடிடுவாங்க. இன்னொண்ணு, தூத்தூர் வட்டாரப் பங்குங்க தமிழ்நாட்டுல இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்துக்குக் கீழ வருது. அங்க கோட்டாறு ஆயரைக் கொண்டு வந்து நிறுத்தாதீங்க.

பாவசங்கீர்த்தனத்தை, அதாவது கத்தோலிக்கர் சாமியார்கிட்ட ரகசியமா பாவத்தை அறிக்கையிடுறதை, வச்சுக் கதையைத் திருப்புறவங்க கவனிங்க. அண்ணன் சாமியார்கிட்ட பம்பு விஷயத்தைச் சொல்றான், சாமியார் மனசு தாங்காம அம்மாகிட்ட சொல்லிடுறாரு. இது நடக்கவே நடக்காது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983 அந்த ரகசியத்தை உடைக்கவே கூடாதுங்குது. 984 இன்னும் ஒரு படி மேல, கேட்ட விஷயத்தை அந்த ஆளுக்குப் பாதகமா எந்த வகையிலயும் பயன்படுத்தக் கூடாதுங்குது. அப்போ சாமியார் தெரிஞ்சும் தெரியாத மாதிரி அந்த அம்மாவுக்கு நற்கருணை கொடுக்கணும், ஆறுதல் சொல்லணும். இதுல எவ்வளவு பாரம் இருக்கு பாருங்க! சட்டத்தை மீறாம எழுதுனாத்தான் அந்தப் பாரம் கிடைக்கும். உண்மையைக் குடும்பத்துக்குச் சொல்ற ஆளா, உயிரோட திரும்பி வந்த ஒரு தொழிலாளியை வைங்க. அவன் அண்ணன்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கான், அதனால வாயைத் திறக்கத் தயங்குறான்.

முன்பணம்னு சொன்னதும் நான் ரொம்ப நேசிக்கிற இடத்துக்கு வந்துட்டோம். மத்தேயு 6:12, சி.எஸ்.ஐ. வீடுகள்ல இருக்கிற பழைய மொழிபெயர்ப்புல, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்". கத்தோலிக்க வீட்டுப் பாட்டி சொல்ற பழைய செபத்துல, "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்". ஒண்ணு கடன், இன்னொண்ணு பொறுத்தல். பொறுக்குறதுன்னா சுமையைத் தாங்குறதும்தானே! உங்க குடும்பம் எந்தச் சொல்லைத் தினமும் ராத்திரி சொல்லுதோ, அந்தச் சொல்லுல இருந்து மன்னிப்புக் காட்சியைக் கட்டுங்க. கடன்னு சொல்ற வீட்டுல கணக்கு நோட்டு ஒரு பாத்திரமாவே வரலாம். பொறுத்தல்னு சொல்ற வீட்டுல ஒரு கிழவி தினமும் எதையாவது சுமக்கட்டும்.

கணக்குன்னா நிஜக் கணக்கும் வேணும். ஒக்கியில இறந்த மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு அறிவிச்சது 20 லட்சம். அந்தப் பணம் வந்த அன்னைக்கு மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல என்ன நடக்குது? உயில் இல்லாம ஒரு கிறிஸ்தவன் இறந்தா, 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவன் சொந்தச் சொத்துல மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைங்களுக்கு. பிள்ளை இருந்தா பெத்த தாய்க்கு ஒண்ணும் கிடையாது. இது தெரியாம தாய்க்கும் பங்கு உண்டுன்னு எழுதாதீங்க. தெரிஞ்சு எழுதுனா, சட்டப்படி எதுவுமே இல்லாத தாய்க்கு மருமக என்ன கொடுக்குறான்னு ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும். பிரசங்கத்தை விட அது பேசும்.

உடல் கிடைக்காத சாவுக்குத் தனிக் கவனம் தேவை. பொதுச் சட்டப்படி ஏழு வருஷம் தகவலே இல்லன்னாத்தான் இறந்ததா எடுத்துக்குவாங்க. பெட்டி இல்ல, மண் போடுறது இல்ல. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமா கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, இவங்க எங்க போவாங்க? ஒக்கிக்கு அப்புறம் வர்ற முதல் கல்லறைத் திருநாள் 2018ல, பதினோரு மாசம் கழிச்சு. கால வரிசையில அதைத் தவற விடாதீங்க. சுனாமி கதைன்னா 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நட்சத்திரமும் குடிலும் வீட்டுல அப்படியே இருந்த நாள்.

துக்க வீட்டுக்கு வர்றவங்க "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்"னு யோபு 1:21 சொல்வாங்க. சொல்லட்டும், அது நிஜம்தான். ஆனா மூணாம் அதிகாரத்துல அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடைசியில, 42:7ல, தேவன் கோபப்படுறது ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மேல. அப்ப உங்க அம்மா பாத்திரம் வாயைத் திறந்து கடவுள்கிட்ட கேக்கட்டும். அவ விசுவாசத்தைக் காப்பாத்துறேன்னு கேள்விக்கு உடனே பதில் எழுதிடாதீங்க. சங்கீதம் 88 இருட்டுலயே முடியுது, அதுவும் வேதத்துலதான் இருக்கு.

மன்னிப்புக் காட்சியை எங்க வைக்கிறது? ஆதியாகமத்துல வர்ற யோசேப்பு கதையை எண்ணிப் பாருங்க. 17 வயசுல சகோதரங்களே அவனை விக்கிறாங்க. அவன் தன்னை வெளிப்படுத்துறப்ப வயசு 39. இருபத்தி ரெண்டு வருஷம்! அதுக்கு முன்னாடி வெள்ளிக் கோப்பையைச் சாக்குல வச்சுச் சோதிக்கிறான். தம்பி பென்யமீனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு அண்ணன் யூதா சொன்ன பிறகுதான், அவங்க முன்னாடி வாய்விட்டு அழுறான். சகோதரங்க மாறிட்டாங்கன்னு நமக்குக் காட்டின பிறகுதான் கதை கதவைத் திறக்குது. உங்க நாவல்லயும் அண்ணன் முதல்ல எதையாவது இழக்கணும். படகை விக்கட்டும், தம்பி பிள்ளைங்க படிப்பை ஏத்துக்கட்டும். இருபத்தி நாலு அத்தியாயம்னா, பதினெட்டுக்கு முன்னாடி யாரும் யாரையும் மன்னிக்க வேண்டாம்.

காட்சியை எழுதும்போது "நான் உன்னை மன்னிச்சிட்டேன்"னு ஒரு வசனம் வைக்காதீங்க. நம்ம ஊரு அம்மைமார் அப்படிப் பேச மாட்டாங்க. மகனை "மக்களே"ன்னு கூப்பிடுறவங்க அவங்க. உண்மை தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த அம்மா மூத்த மகனை அப்படிக் கூப்பிடுறதையே நிறுத்திடட்டும். பேரும் சொல்ல வேண்டாம். "அவன்கிட்ட கேளு"ன்னு அடுத்தவங்க வழியாப் பேசட்டும். பத்து அத்தியாயம் அப்படியே போகட்டும், எங்கயும் விளக்க வேண்டாம். அப்புறம் ஒரு நாள் அடுப்படியில இருந்து, "மக்களே, சோறு கெடக்கு. தின்னுட்டுப் போ." அவ்வளவுதான். அதுக்குக் கீழ அவன் அழுதான்னு ஒரு வரி சேர்த்தீங்கன்னா கெட்டுச்சு.

அதோட நாவலை முடிச்சிடாதீங்க. ஆதியாகமம் 50ல அப்பா யாக்கோபு செத்ததும் சகோதரங்களுக்குத் திரும்பப் பயம் வருது, இனி யோசேப்பு பழி வாங்குவானோன்னு. பதினேழு வருஷம் ஒண்ணா இருந்தும் பயம் போகல. யோசேப்பு மறுபடியும் அழுறான். உங்க நாவல்லயும் அம்மா இறந்த பிறகு சின்னதா ஒரு அத்தியாயம் வைங்க, ஆயிரத்தைந்நூறு வார்த்தைக்கு மேல வேண்டாம். அண்ணன் கணக்கு நோட்டோட தம்பி மனைவி வீட்டுக்கு வர்றான். அவ அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். பாக்கி எவ்வளவுன்னு கேக்கட்டும், அவன் தொகையைச் சொல்லட்டும், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற நேரமாகட்டும்.