ஏஜ்ட் கேரில் இருக்கும் அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி மாத்திரை கொடுக்கலாமா?

அடுத்த கேள்வி மெல்பர்னிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம் இது: "அம்மாவுக்கு 84 வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஏஜ்ட் கேரில், அதாவது முதியோர் இல்லத்தில், சேர்த்தோம். சேர்க்கும்போது 58 கிலோ இருந்தார், இப்போது 52. இதற்குள் இரண்டு முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார். எதிர்ப்பு சக்திக்கு எந்த வைட்டமின், எந்தப் பவுடர் கொடுக்கலாம்? கொடுத்தால் இன்னும் சில வருடம் இருப்பாரா?"

சகோதரி, உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 58, 52 என்ற எண்கள்தான். ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கியிருக்கிறது. வயதானால் மெலியத்தான் செய்வார்கள் என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் தானாக எடை இறங்குவது ஆபத்தான அறிகுறி. ஆஸ்திரேலியாவில் 2019 ஜூலையிலிருந்து ஒவ்வொரு இல்லமும் இப்படி எடை குறைந்தவர்களின் கணக்கை அரசுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே அம்மாவின் எடைக் குறிப்பு அங்கே கட்டாயம் இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எடைக்கும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் புதிதாகத் தயாராவது அங்கேதான். வயது ஏற ஏற அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அதனால் புதுக் கிருமி வந்தால் எதிர்க்கும் படை மெதுவாகத்தான் திரளும். அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் படைக்குத் தீனி வேண்டும் இல்லையா? எதிர்ப்பு அணுக்கள் பெருகவும், கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி உருவாகவும் புரதம் வேண்டும். சாப்பாட்டில் அது வராவிட்டால் உடம்பு தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வீட்டில் அவசரச் செலவு வந்தால் நகையை அடகு வைப்போமே, அந்த மாதிரி. முதல் நிமோனியாவில் அடகு போனதை மீட்பதற்குள் உங்கள் அம்மாவுக்கு இரண்டாவது வந்துவிட்டது. இன்னொன்று, இருமிச் சளியை வெளியே தள்ளுவதும், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் விழுங்குவதும் தசை செய்கிற வேலைதான். தசை போனால் அடுத்த நிமோனியாவுக்குக் கதவைத் திறந்து வைத்த கணக்கு.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். மல்ட்டி வைட்டமின் சாப்பிட்டால் முதியவர்களுக்குத் தொற்று பாதியாகக் குறையும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறதே, அந்த எண்ணம் பரவியதில் 1992இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, ரஞ்சித் சந்திரா என்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கட்டுரையை லான்செட்டே 2016இல் திரும்பப் பெற்றுவிட்டது. இன்னும் அதை நம்பிப் பணம் செலவழிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வைட்டமின் ஈ பற்றி பாஸ்டன் பக்கத்து முதியோர் இல்லங்களில் 617 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்தார்கள், 2004இல் முடிவு வந்தது. சாதாரண ஜலதோஷம் கொஞ்சம் குறைந்தது. நுரையீரல் தொற்று குறையவில்லை. அதே ஆய்வில் இருந்தவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, துத்தநாகம், அதாவது ஜிங்க், சரியான அளவில் இருந்தவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்திருந்தது. அதற்காக ஜிங்க் மாத்திரை நிமோனியாவைத் தடுக்கும் என்று ஆகிவிடாது. நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஜிங்கும் நன்றாக இருந்திருக்கலாம்; இரண்டும் சேர்ந்து வந்தது என்று மட்டும்தான் அதிலிருந்து சொல்லலாம். குறைவு என்று ரத்தப் பரிசோதனை காட்டினால் டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள். நீங்களாகவே அதிக அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பில் தாமிரச் சத்து இறங்கிவிடும்.

வைட்டமின் டி மட்டும் தனிக் கதை. வெயிலே படாமல் உள்ளேயே இருப்பவர்களுக்கு அது அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். தினசரி அளவான மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை ஒரே மூச்சில் பெரிய டோஸ் வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோவில் முதியவர்களுக்கு மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். சுவாசத் தொற்று குறைந்தது உண்மை. ஆனால் கீழே விழுவது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. 84 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது எதுதான் வேலை செய்கிறது? உங்கள் ஊரிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் 60 இல்லங்கள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள், இரண்டு வருடம். பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு. மீதிப் பாதியில் பால், தயிர், சீஸ் இவற்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லை, எதிர்ப்பு சக்திப் பவுடர் டப்பா இல்லை, சமையல்காரர் கையால் போகும் சாப்பாடு மட்டும். புரதம் ஒரு நாளைக்கு 69 கிராம் வந்தது, மற்ற இல்லங்களில் 58. எலும்பு முறிவு 33 சதவீதம் குறைந்தது, இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. 2021இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. நீங்கள் ஆயுளைப் பற்றியும் கேட்டிருப்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: இறப்பு எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதனால் பால் குடித்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். எலும்பு முறியாமல், தானே எழுந்து பாத்ரூம் போய் வருகிற மாதிரி இருப்பார்கள் என்று சொல்வேன். ஊட்டத்தால் உயிர் பிழைத்ததைக் காட்டிய ஆய்வும் உண்டு. சுவிட்சர்லாந்து ஆஸ்பத்திரிகளில், ஊட்டக்குறைவு ஆபத்தோடு வந்து சேர்ந்த நோயாளிகளுக்கு ஆளுக்கேற்ற உணவுத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முப்பது நாளில் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து ஏழாகக் குறைந்தார்கள். அது 2019இல் வந்தது. ஆகவே அம்மா அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், முதல் நாளே டயட்டீஷியன், அதாவது உணவு ஆலோசகர், வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போது அம்மாவின் தட்டுக்கு வருவோம். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை, நோயிலிருந்து எழும்போது 1.5 வரை. அம்மாவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 62 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 8 கிராம் வரும். ரசம் சாதத்தில் கொஞ்சம்தான் இருக்கும். காய்ச்சல்காரருக்கு ரசம் சாதம்தான் என்று வாரக்கணக்கில் அதையே கொடுப்பதை நாம் முதலில் நிறுத்த வேண்டும். சாதத்தைக் குழைத்துக் கெட்டித் தயிரோடு பால் பவுடரும் ஒரு கரண்டி கலக்கலாம். பருப்பை நெய் விட்டு மசிக்கலாம். முட்டை சாப்பிடுவார் என்றால் பொடிமாஸ் ஆக்கலாம். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள், காலையில் டீ, பிஸ்கட்டோடு விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருக்கிறது, கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று நாற்பது வயதுக்காரருக்குச் சொல்லும் பத்தியத்தை 84 வயதில் எடை இறங்கும் ஒருவருக்குப் போடக் கூடாது. அதைத் தளர்த்த முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மதிய வேளையில் போய் உட்கார்ந்து பாருங்கள். நான் இல்லங்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: தட்டில் எல்லாம் இருக்கும். தயிர்க் கப்பின் மேலே ஒட்டியிருக்கும் அலுமினிய மூடியை, மூட்டு வீங்கிய விரலால் பிரிக்க முடியாது. அம்மா இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். பிரித்துக் கொடு என்று கேட்கக் கூச்சம், ஆங்கிலமும் தடுமாறும். அரை மணி நேரத்தில் தட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. ஒருவருக்கு நிதானமாக ஊட்டி முடிக்க முப்பது நாற்பது நிமிடம் வேண்டும், அவர்கள் பலரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பணமும் கொஞ்சமாகத்தான் போனது. 2018இல் வெளியான ஆய்வுப்படி இந்த இல்லங்களில் ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாட்டுப் பொருளுக்குச் செலவழித்தது 6 டாலர் 8 சென்ட். முதியோர் இல்லங்களை விசாரித்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு சொன்ன பிறகு, 2021 ஜூலையில் ஆளுக்கு நாளைக்குப் 10 டாலர் அரசு கூடுதலாகத் தரத் தொடங்கியது. 2025 நவம்பரில் வந்த புதிய தர விதிகளில் உணவுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதனால் அம்மா சைவம், மசித்த உருளைக்கிழங்கு இறங்காது, தயிர் சாதம் வேண்டும் என்று கேட்பதை உபகாரம் கேட்பதாக நினைக்காதீர்கள். உரிமையோடு கேளுங்கள்.

பல்செட்டையும் பாருங்கள். எடை இறங்கினால் ஈறும் சுருங்கி செட் தளர்ந்துவிடும். மென்றால் வலிக்கிறது என்று சொல்லாமல் பசியில்லை என்பார்கள். ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு வருடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 19 பேருக்கு. எந்த எதிர்ப்பு சக்திப் பவுடருக்கும் இவ்வளவு நல்ல முடிவு வந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது இருமல் வருகிறது, குரல் ஈரமாகக் கரகரக்கிறது என்றால் விழுங்குவதைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்கும், நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கல் கிருமிக்கும் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னும் சில வருடம் இருப்பாரா என்று கேட்டீர்கள். அதற்கு யாரும் கணக்குச் சொல்ல முடியாது. மறதி நோய் முற்றிய நிலை என்றால், மூக்கு வழியோ வயிற்று வழியோ டியூப் போட்டாலும் ஆயுள் கூடுவதில்லை, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே நல்லது. உங்கள் அம்மாவுக்கு அப்படி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் இறங்கிய எடையை நிறுத்தி, கொஞ்சமாவது ஏற்ற முடியும் என்றே நினைக்கிறேன். மூன்று நாள் அவர் உண்மையில் எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு மீதி வைத்தார் என்று ஊழியர்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பையும் மாத எடைகளையும் இல்லத்தின் டயட்டீஷியனிடம் காட்டி அடுத்த வாரமே ஒரு திட்டம் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து எடை என்ன ஆயிற்று என்று இங்கேயே கமெண்டில் எழுதுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.