ஆயிரம் மூக்கும் ஒரு சளியும்

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நள்ளிரவு, கோயில், ஆயிரம் முகத்தோடு காளி எதிரே வந்து நிற்கிறாள், பையன் நடுங்குவான் என்று பார்த்தால் தெனாலிராமன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஏன்டா என்றால், எனக்கு இருப்பது ஒரே மூக்கு, சளி பிடித்தால் சிந்த இரண்டு கை போதவில்லை, உனக்கு ஆயிரம் மூக்காயிற்றே தாயே, என்ன செய்வாய் என்கிறான். மூன்றாம் வகுப்பில் இதைச் சொன்னபோது முன் வரிசைப் பையன் ஒருவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்துவிட்டான், அப்புறம் பத்து நிமிஷம் வகுப்பு என் கையில் இல்லை.

ஆயிரம் முகம் அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை, டிவியில் தினமும் பார்க்கிறார்கள். சளிதான் புதுசு!

இங்கிலாந்தில் எடித் நெஸ்பிட் என்றொரு அம்மையார் 1902-ல் எழுதிய மந்திரக் கதை ஒன்று உண்டு. கிராமத்து வீட்டுக்கு வந்த பிள்ளைகள் சரளைப் பள்ளத்தில் மண் தோண்டும்போது ஒரு பிராணி கிடைக்கிறது: நத்தை மாதிரி நீட்டி இழுத்துக்கொள்ளும் கண், வௌவால் காது, குரங்குக் கை கால், குண்டு உடம்பு முழுக்க ரோமம். ஆயிரக்கணக்கான வயசு, எந்நேரமும் சிடுசிடுப்பு. என்றைக்கோ மீசையில் ஒரு மயிர் நனைந்ததற்கு இன்னமும் புலம்புகிறது. வரம் கேட்டால் கொடுக்கும், ஆனால் எல்லாம் பொழுது சாயும் வரைதான்.

அழகாக வேண்டும் என்று கேட்கிறார்கள், கிடைத்துவிடுகிறது. சொந்தக் குட்டித் தம்பியே அடையாளம் தெரியாமல் அழுகிறான், வீட்டில் உள்ளே விடவில்லை, மத்தியானச் சாப்பாடு போச்சு. தங்கம் கேட்டால் பள்ளம் நிறையப் பழைய காலத்துத் தங்கக் காசு, ஆனால் கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

இங்கே கதை எழுதுகிற நண்பர்கள் சிலர் வந்திருப்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் கதைகளில் பையன் மாட்டிக்கொண்டதும் ஒரு தேவதை வந்து கோலை ஆட்டிவிடுகிறாள், அந்த இடத்தில்தான் குழந்தை கொட்டாவி விடுகிறது. வேதாளத்தைப் பாருங்கள், விக்கிரமாதித்தன் பேசினால் மரத்துக்குப் பறந்துவிடும், விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு எத்தனை கதை ஓடியிருக்கிறது! விதியை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் நீங்களே கெஞ்சினாலும் அதைத் தளர்த்தாதீர்கள்.

நெஸ்பிட்டின் பிள்ளைகள் ஒருநாள் இறக்கை கேட்கிறார்கள். பறந்து பறந்து பசி. பாதிரியார் வீட்டுச் சமையலறை அலமாரியிலிருந்து கோழியும் ரொட்டியும் சோடாவும் எடுத்துக்கொண்டு, மன்னிப்புச் சீட்டில் காசை மடித்து வைத்துவிட்டு, மாதாகோயில் கோபுர உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். முழித்தால் பொழுது சாய்ந்துவிட்டது, இறக்கை இல்லை.

வகுப்பில் இதைச் சொல்லும்போது, எப்படி இறங்கினார்கள் என்று கேட்பார்கள் என நினைத்து இங்கே நிறுத்தினேன். ஒரு பெண் எழுந்து, "எவ்வளவு காசு வைத்தார்கள் சார்?" என்றாள். அரை கிரவுன் என்றேன். அது நம் காசில் எவ்வளவு என்றாள். கணக்கு டீச்சரிடம் அனுப்பிவிட்டேன்.