ஜெஃப் பெக்கின் சுண்டுவிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணால் பார்க்க வேண்டிய ஒரு பொருளைப் பற்றி வானொலியில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இது எப்படிச் சரிப்படும் என்று நிலையத்து நண்பரிடம் கேட்டேன். "பார்த்ததை நீங்கள் சொல்லுங்கள், பாட்டை அவர்கள் தேடிக் கேட்டுக்கொள்வார்கள்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைய பேச்சில் பெரும்பகுதி ஒரு மனிதரின் வலது கையைப் பற்றியது.

கைக்குச் சொந்தக்காரர் ஜெஃப் பெக். 1944இல் லண்டனுக்குத் தெற்கே வாலிங்டனில் பிறந்த கிடார் கலைஞர். 2016 ஆகஸ்ட் 10 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஹாலிவுட் பௌல் என்ற திறந்தவெளி அரங்கில் அவர் ஒரு கச்சேரி நடத்தினார். மறு ஆண்டு அக்டோபரில் அது டிவிடியாகவும் புளூ-ரே தட்டாகவும் வெளிவந்தது. மேடையில் நின்றபோது அவருக்கு வயது 72. இசை வாழ்வின் ஐம்பது ஆண்டு நிறைவு என்று அறிவித்திருந்தார்கள். யார்ட்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவில் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் விட்டுச் சென்ற இடத்துக்கு அவர் வந்தது 1965இல். அதிலிருந்து எண்ணினால் ஐம்பத்தொன்று ஆகிறது. பொன்விழாவை ஓராண்டு முன்பின்னாக வைத்துக்கொள்வது நமக்கும் பழக்கமானதுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட் குன்றுகளுக்கு நடுவே இயற்கையாகவே கிண்ணம் போலக் குழிந்த ஒரு பள்ளம். அதன் சரிவில் வரிசை வரிசையாக இருக்கைகள், அடியில் சிப்பி போல வளைந்த மேடை. 1922இல் திறந்தார்கள். ஏறத்தாழ 17,500 பேர் உட்காரலாம். சுவர் இல்லை, கூரை இல்லை. மண்டபத்தில் வாசித்தால் ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து காதை நிறைக்கும். இங்கே போன ஒலி போனதுதான். காற்று திசை மாறினால் கீச்சு ஒலிகள் அலைந்து மங்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆற்றங்கரையில் தொலைவில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து, கை மறுபடி மேலே போன பிறகுதான் ‘பட்’ என்ற சத்தம் வந்து சேரும். நூறு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலிக்கு ஏறத்தாழ 0.3 நொடி பிடிக்கும். கடைசி வரிசைக்காரருக்கு ஜெஃப் பெக் ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிய திரையில் விரல் அசையும், அசைந்த பிறகு சுரம் வரும். டிக்கெட் வாங்கி நேரில் போன ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்காத ஒன்றை வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி நாம் பார்க்கிறோம். கச்சேரிப் படங்கள் எல்லாம் இரண்டாம்பட்சம் என்று சொல்பவர்களோடு பல நேரம் நானும் ஒத்துப்போவேன். குளிர்ந்த இரவுக் காற்றையும் பக்கத்தில் இருப்பவரின் பெருமூச்சையும் எந்தத் தட்டும் தராது. ஆனால் இந்த மனிதர் விஷயத்தில் மட்டும் படம்தான் முதல்.

காரணம் அந்தக் கை. கிடார் வாசிப்பவர்களில் மிகப் பலர் ‘பிக்’ என்ற சின்ன வில்லையை விரலிடையில் பிடித்துத் தந்தியை மீட்டுவார்கள். பெக் அதை எப்போதோ விட்டுவிட்டார். கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் நேராகத் தந்தியைத் தொடுகிறார். அதே நேரத்தில் சுண்டுவிரல் ஒலியளவுக் குமிழின் மேல் கிடக்கிறது. உள்ளங்கை, தந்திகளை இழுக்கவும் தளர்த்தவும் செய்கிற வாமி பார் என்ற உலோகக் கம்பியைத் தாங்கியிருக்கிறது. ஒரே கை, மூன்று வேலை. தந்தியை மீட்டும்போது குமிழ் மூடியிருக்கிறது. அதனால் மீட்டிய ‘டிங்’ ஓசை நமக்குக் கேட்பதில்லை. அடுத்த கணம் சுண்டுவிரல் குமிழைத் திறக்கிறது. ஒலி எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாமல் மெல்ல எழும்புகிறது, வயலினில் வில் தொட்டது போல. எழுந்த சுரத்தை உள்ளங்கை கீழே தள்ளுகிறது, மேலே தூக்குகிறது, நடுங்க வைக்கிறது. பலருடைய கிடாரில் அந்தக் கம்பி சுரத்தைக் கீழே இறக்குவதற்கு மட்டும். பெக்கின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடாரில் அது இரு பக்கமும் போகும்படி மிதக்க விட்டிருக்கிறார்கள்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதற்குப் பெயர் உடனே வந்துவிடும். கமகம். அப்படிச் சொல்வது நம் ஆசையின் மிகை அல்ல என்று நினைக்கிறேன், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1965இல் யார்ட்பர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ என்ற பாட்டைப் பதிவு செய்யும்போது, முதலில் லண்டனில் இருந்த ஒரு சித்தார் கலைஞரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்கள். சித்தாரின் ஒலி அந்த டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே எடுபடவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த இருபது வயது பெக், நான் பார்க்கிறேன் என்று கிடாரை எடுத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை மிதித்து, தந்தியை வளைத்துச் சித்தாரைப் போலவே வாசித்துக் காட்டினார். ஜூன் மாதம் இசைத்தட்டு வெளிவந்தது. பீட்டில்ஸ் குழுவின் தட்டில் சித்தார் ஒலித்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான்.

2001இல் அதே கையால் இன்னொன்று செய்தார். பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளி இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் ‘நாடியா’. அதை முதலில் பாடியவர் சுவாதி நடேகர், இந்துஸ்தானிப் பயிற்சி உள்ள குரல். அந்தக் குரலின் வளைவுகளை ஒவ்வொன்றாகப் பெக் கிடாரில் எடுத்திருக்கிறார். ஹாலிவுட் பௌல் கச்சேரியில் அது இல்லை. எனக்கு அது கொஞ்சம் குறைதான். ஆனால் 1965இன் சித்தார்ப் பாட்டு இருக்கிறது. ஜிம்மி ஹால் பாடுகிறார், பெக் அந்தப் பழைய வளைவை வாசிக்கிறார், இப்போது பெடலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம்.

பெக் பாடுவதில்லை. 1967இல் தயாரிப்பாளரின் வற்புறுத்தலால் ஒரு பாட்டுப் பாடினார், அது பிரிட்டனில் பெரும் வெற்றி பெற்றது, வாழ்நாள் முழுவதும் அந்தப் பாட்டைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. ஆகவே பாடுவதற்கு மற்றவர்களை அழைக்கிறார். இந்த இரவில் அழைப்பு சற்று அதிகமாகவே போய்விட்டது. அப்போதுதான் வெளிவந்திருந்த புதிய தட்டின் பாட்டுகளுக்கு ரோஸி போன்ஸ் என்ற இளம்பெண், இன்னொரு பக்கம் பெத் ஹார்ட், பில்லி கிப்பன்ஸ், ஸ்டீவன் டைலர், கீபோர்டில் யான் ஹாமர். கல்யாண வீட்டு மேடை போல ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறது. புதிய பாட்டுகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அரசியல் கோபத்தைச் சொற்களில் கொட்டுகிற பாட்டுகள் அவை. சொல்லே இல்லாமல் பேசத் தெரிந்தவருக்கு அந்தக் கோஷங்கள் எதற்கு என்று தோன்றுகிறது.

விருந்தாளிகளில் நான் நின்று பார்ப்பது ஒருவரை. பட்டி கை. ஆமாம், அவருடைய குடும்பப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘கை’ என்றே வருகிறது, இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா! லூசியானா மாநிலத்துப் பருத்திக் காட்டில் 1936இல் பிறந்து, சிகாகோவுக்குப் போய், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் பெயரெடுத்த கலைஞர். அந்த மேடைக்கு வந்தபோது எண்பது வயது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவரும் பெக்கும் சேர்ந்து வாசிக்கிற ‘லெட் மீ லவ் யூ’ பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வில்லி டிக்ஸன் எழுதிக் கொடுக்க, சிகாகோவில் பட்டி கை ‘லெட் மீ லவ் யூ பேபி’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 1968இல் பெக்கின் முதல் தனித் தட்டில், ராட் ஸ்டூவர்ட் பாட, அதே சாயலில் ஒரு பாட்டு வந்தது. இயற்றியவர் என்ற இடத்தில் டிக்ஸன் பெயர் இல்லை. ‘ஜெஃப்ரி ராட்’ என்று அச்சிட்டிருந்தார்கள், பெக்கும் ஸ்டூவர்ட்டும் சேர்த்து வைத்துக்கொண்ட புனைபெயர். அந்தக் காலத்து ஆங்கிலேய இளைஞர்கள் பலர் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை இப்படித்தான் சுவீகரித்துக்கொண்டார்கள். அன்பும் இருந்தது, அபகரிப்பும் இருந்தது; ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது. சுமார் ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பாட்டுடன் அதன் முதல் குரலும் பெக்கின் மேடைக்கு வருகிறது. எண்பது வயதுக் கிழவர் பாட்டைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறார், கச்சேரியின் நாயகர் வெறும் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார்.

டைலர் வருவதும் இதன் அடுத்த தலைமுறைக் கதை. ‘டிரெயின் கெப்ட் எ-ரோலின்’ பாட்டை டைனி பிராட்ஷா 1951இல் பாடினார். 1965இல் யார்ட்பர்ட்ஸ் வாசித்தது. அதைக் கேட்டு வளர்ந்த டைலரின் ஏரோஸ்மித் குழு 1974இல் எடுத்துக்கொண்டது. நிறையக் கூச்சல், நிறையச் சந்தோஷம்.

இதற்கெல்லாம் மேலே நான் வைப்பது ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’ என்ற ஒரு மெதுவான பாட்டை. பிரிந்துவிட்ட காதலரைப் பற்றி ஸ்டீவி வொண்டர் எழுதியது. பாடகி சிரீட்டா 1974இல் பாடினார். அடுத்த ஆண்டு பெக் சொற்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ‘ப்ளோ பை ப்ளோ’ தட்டில் கிடாரில் மட்டும் வாசித்தார். கச்சேரியில் அது வரும்போது தொலைக்காட்சிக்கு அருகே போய் உட்காருங்கள். முதல் சில சுரங்களுக்குச் சுண்டுவிரலை மட்டும் பாருங்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. கறுப்பு முடியும் கையில்லாச் சட்டையுமாக, கார் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு வந்தவர் போல நிற்கிறார். பழைய கார்களைத் தன் கையாலேயே பிரித்துக் கட்டுவது அவருடைய இன்னொரு பைத்தியம், ஆகவே இந்த ஒப்புமையை அவர் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். பல பேர் கண்ணை மூடி வாயைக் கோணி வாசிக்கிற உச்சத்தை இவர் குமிழைக் கால்வாசி திருப்பி முடித்துவிடுகிறார்.

‘ப்ளோ பை ப்ளோ’ தட்டின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், பீட்டில்ஸ் தட்டுகளைத் தயாரித்த அதே மார்ட்டின். 1964லும் 1965லும் பீட்டில்ஸ் இதே ஹாலிவுட் பௌலில் பாடியபோது எடுத்த ஒலிநாடாக்களில் ரசிகைகளின் கூச்சல்தான் பாட்டைவிடப் பெரிதாக இருந்தது. அதோடு போராடி அவர் அதை ஒரு இசைத்தட்டாக வெளிக்கொண்டுவர 1977 ஆயிற்று. 1998இல் அவர் கடைசியாக ஒரு தட்டுத் தயாரித்தபோது பீட்டில்ஸின் ‘எ டே இன் த லைஃப்’ பாட்டைக் கிடாரில் வாசிக்கக் கூப்பிட்டது பெக்கைத்தான். 2016 மார்ச்சில் மார்ட்டின் காலமானார். ஐந்து மாதம் கழித்து, அந்தக் கூச்சல் எழுந்த அதே குன்றுகளுக்கு நடுவே பெக் அந்தப் பாட்டை வாசிக்கிறார். ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா ஏறிப்போன ஏற்றத்தை ஆறு தந்தியும் உள்ளங்கையும் கொண்டு ஏற்றுகிறார். இந்தத் தடவை ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் காதில் விழுகிறது.

அதன்பின், அந்த ஏப்ரலில் மறைந்த பாடகர் பிரின்ஸின் நினைவாக ‘பர்ப்பிள் ரெயின்’. பெத் ஹார்ட் பாடுகிறார், விருந்தாளிகள் மேடைக்குத் திரும்புகிறார்கள், எல்லோரும் சேர்ந்து கும்பிட்டு விடைபெறுகிறார்கள். பெக்குக்கு அதற்குப் பிறகு ஆறு ஆண்டும் சில மாதங்களும் இருந்தன. 2023 ஜனவரி 10 அன்று, மூளைக்காய்ச்சலால், 78ஆம் வயதில் இறந்தார்.

பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து தட்டு முகப்புத் திரைக்கு வந்து நிற்கும். நான் அங்கிருந்து நேராக அந்த ஸ்டீவி வொண்டர் பாட்டுக்குப் போய், ஒரு முறை தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பேன். மறுமுறை திரையைத் துணியால் மூடிவிட்டுக் கேட்பேன். வீட்டில் இருப்பவர்கள் இரண்டுக்கும் சிரிக்கிறார்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.